தூக்கிய கையும் தூக்காத கையும்

தலைமைப் பொறுப்பேற்று, மத்தளத்தைப்போல் இருபக்கமும் இடி வாங்கிக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மூத்த தொழிலாளத் தோழர்களே! ஒரு வாரமாக வீட்டில் பந்தைத் தவிர வேறு பேச்சே கேட்காத என் அருமைத் தாய்மார்களே! கால்பந்து இறுதியாட்டத்தில் வென்ற லாரிப் பிரிவினரே! தோற்ற கிரேன் பிரிவினரே! என்ன, தோற்கவில்லையா? சரி, தோற்காமலே கோப்பையைப் பறிகொடுத்த கிரேன் பிரிவினரே! உங்கள் அனைவருக்கும் கிடங்கு வாசலில் லாரிகளை எடைபோடும் இந்த எடைமேடைக்காரியின் பணிவான வணக்கம்.

கத்தினீர்கள், கொதித்தீர்கள், கட்சி கட்டினீர்கள். நடந்தது என்ன? ஆட்டம் சமநிலை, முடியப்போகும் நேரம். லாரிப் பிரிவுக்காரர் பந்தை உயரத் தூக்கி அடிக்கிறார். அந்நேரம் பார்த்து, மதிலுக்கு அப்பால் பக்கத்துக் கிடங்கில் யாரோ விசில் ஊதுகிறார். நம் கிடங்கில் விசில் ஊதினால் என்ன செய்வோம்? சுமை இறங்குகிறது என்று பொருள். கீழே நிற்பவர் இரு கையையும் தூக்கி அசையாமல் நிற்பார். கிரேன் கூண்டில் இருப்பவர் அந்தக் கைகளைப் பார்த்து, ஆளில்லாத இடத்தில் சுமையை இறக்குவார். பழக்கம் யாரை விட்டது? கோலுக்கு முன்னால் நின்ற கிரேன் பிரிவுக்காரர் ஒருவர், விசில் கேட்டதும் இரு கையையும் வானத்துக்குத் தூக்கினார். பந்து நேராக வந்து கையில் பட்டது. நடுவர் பெனால்டி கொடுத்தார். கோப்பை போயிற்று. கையைத் தூக்கிய அந்த மகராசன் யார்? சிரிக்காதீர்கள் தாய்மார்களே, என் வீட்டுக்காரர்தான்.

அன்றிலிருந்து என் வீடு வீடா? உப்பு ஜாடி கோல்கம்பம், கரண்டி நடுவர், சோற்றுத் தட்டு மைதானம்! பொறுத்துப் பொறுத்துப் பார்த்த என் மாமியார் ஒருநாள் கேட்டார்.

"பந்து உன் கையில பட்டுச்சா, இல்லையாடா?"

"பட்டுச்சும்மா, ஆனா..."

"அப்ப சாப்பிடு."

வழக்கு முடிந்ததா? முடியவில்லை. நடுவராக நின்றவர் வானத்திலிருந்து குதித்தவரா? நம் கிடங்கில் நாள்தோறும் விசில் ஊதும் விசில்காரர்தானே? வெளி விசில் கேட்டதும் அவர் ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பின்வரிசையில் யாரோ அவரைச் செவிடன் என்கிறீர்கள். இருக்கட்டும் ஐயா, அவர் செய்தது தவறாகவே இருக்கட்டும்! அதற்காகக் கிரேன் பிரிவினரே, நீங்கள் எடுத்த முடிவு என்ன? "இனி அவன் விசிலுக்குக் கை தூக்க மாட்டோம்." ஆகா, அறிவாளிகளே! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?

நேற்று முன்தினம் கிடங்கில் விசில் ஒலித்தது. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூண்டில் இருந்தவர், கீழே தூக்கிய கையைக் காணோம் என்றதும் ஆளே இல்லை என்று நினைத்து இரும்புப் பெட்டியை இறக்கினார். விசில்காரர் நிறுத்தச் சொல்லி, தொண்டை நரம்பு புடைக்க விட்டு விட்டு ஊதினார். பெட்டி நின்றபோது அது என் வீட்டுக்காரரின் தலைமுடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடைமேடை ஜன்னலில் இருந்து நான் பார்த்தேன். மாலையில் வீட்டுக்கு வந்தவர் சொன்னது என்ன தெரியுமா? "பாத்தியா, அவன் அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு." எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைத் தூக்கி எறிந்தேன்.

விசில்காரரை வேலையிடத்திலிருந்தே மாற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை வழிமொழிய என்னை அழைத்திருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவரின் மனைவி அல்லவா? தலைவர் அவர்களே, எதிர்க்கிறேன்! களத்தில் கை தூக்கிக் கோப்பையைத் தோற்றாரே, அதற்காக நான் வெட்கப்பட்டேனா? இல்லை! வேலைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்பக் கற்ற கை அது. கிடங்கில் வீம்புக்குக் கட்டிக்கொண்டாரே, அந்தக் கையை எப்படி மன்னிப்பேன்? நடுவரைத் திட்டுங்கள், நாள் முழுக்கத் திட்டுங்கள். தேநீர்க் கடையில் திட்டுங்கள், தெருமுனையில் திட்டுங்கள். சுமைக்குக் கீழே நின்றுகொண்டு திட்டாதீர்கள்!

பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கும், இடையில் எழுந்து போகாத கிரேன் பிரிவினருக்கும் என் நன்றி. மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவரே, உங்களுக்குத்தான் கடைசி வார்த்தை. கோப்பை அவங்ககிட்டயே இருக்கட்டுங்க. எனக்கு நீங்க வேணும்.

வணக்கம்.