ஓடிபி கேக்குற ஆளு

ஐயோ, வெச்சுடாதீங்க தம்பி! திருடன்னே வெச்சுக்குங்க, ஃபோனை மட்டும் வெச்சுடாதீங்க. ஓடிபி யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரிக்கு நானே படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். நான் லிஃப்ட் மெக்கானிக், அடுத்தவன் அக்கவுண்ட்ல கை வெக்கிற ஆளு இல்ல. இது பேங்க்கே இல்ல தம்பி, மெசேஜைப் பாருங்க, ஆஸ்பத்திரி பேருதான் இருக்கும்.

இப்ப நீங்க வெச்சிருக்கிற நம்பர் அவளோடது. மார்புல கட்டி வந்து போய்ச் சேர்ந்துட்டா. நான் ரீசார்ஜ் பண்ணாம விட்டேன், கம்பெனிக்காரன் உங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டான். கடைசில ஜீன் டெஸ்ட்டுன்னு ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வரும்போது அவ இல்ல. அப்புறம் யாரு அதைப் பார்த்தா?

கவுண்டர்ல கேக்காம இருப்பேனா! நோயாளியே நேர்ல வரணுமாம். வந்தா நல்லாத்தான் இருக்கும் மேடம்னேன். ஆன்லைன்ல பாத்துக்குங்கன்னுச்சு அந்தப் பொண்ணு, நிமிர்ந்துகூடப் பாக்காம. அதைத் தொறக்கற ஓடிபி அவ நம்பருக்குத்தான் வருது.

இப்ப எதுக்கா? எம் பொண்ணுக்குத் தம்பி. இருக்கறதே ஒண்ணு. அவளுக்கும் கட்டி. ஜீன்லயே கோளாறுன்னு வந்துடுச்சு. அம்மாவோ அப்பாவோ, ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்ததுதான்னாரு டாக்டர். இதுல யோசிக்க என்ன இருக்கு, அம்மாதான்னு வீடே முடிவு கட்டிடுச்சு. என் வீட்டுக்காரி கூடப் பொறந்தவங்க டெஸ்ட்டுக்கு நடையா நடக்கறாங்க. என் தங்கச்சிங்க நமக்கென்னன்னு இருக்காங்க. எனக்குன்னு இதைத்தான் விட்டுட்டுப் போனியான்னு கேட்டு, எம் பொண்ணு அம்மா போட்டோவைக் கழட்டி பீரோ மேல போட்டுட்டா. தாங்க முடியல தம்பி.

சொல்றீங்களா? மெதுவா... நாலு, ஏழு... ஆங், ரெண்டு... அப்புறம்? தொறந்துடுச்சு! நீங்க நல்லா இருக்கணும்.

கொஞ்சம் லைன்லயே இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். அவ பேருதான். வயசும் சரியா இருக்கு. கீழ நெகட்டிவ்னு போட்டிருக்கு. நெகட்டிவ்னா கோளாறு இல்லன்னுதானே அர்த்தம்?

அவ ஜீன்ல ஒண்ணுமே இல்லையா? அப்ப அவளுக்குக் கட்டி சும்மாவே வந்திருக்கு. பாவி, எல்லார் ஏச்சும் வாங்கினாளே.

இல்ல தம்பி, நல்ல சேதி இல்ல. உள்ள இருந்து எம் பொண்ணு கேக்கறா, என்னப்பா வந்திருக்குன்னு. அம்மா குடுக்கலம்மா, உனக்கு அதைக் குடுத்தது நான்தான்னு எந்த வாயால சொல்லுவேன்?