சாம்பார் கொதிக்கும் வரை

“சாம்பார் கொதிக்கிற வரைக்கும் பசங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கன்னு சத்துணவு ஆயாகிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இருந்த டீச்சர் பக்கத்திலிருந்த டீச்சரிடம் சொன்னார்.

“ஏன், ஸ்கூல்ல வேற யாரும் இல்லையா?”

“எங்களுது ஓராசிரியர் பள்ளி, டீச்சர். அஞ்சு கிளாசுக்கும் நான் ஒருத்திதான்.”

“அப்போ இந்த மீட்டிங்குக்கு வராம இருந்திருக்கலாமே?”

“எப்படிங்க? ஒரே டீச்சர் இருக்கிற ஸ்கூல்ல படிப்பை எப்படி சீர்திருத்தலாம்னுதான் கமிட்டி கேக்குது. கண்டிப்பா வரணும்னு ரெண்டு வாட்டி மெசேஜ் போட்டாங்க.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“இன்னொரு டீச்சர் போடுங்கன்னுதான். போன மீட்டிங்லயும் அதான் சொன்னேன். நல்லா எழுதிக்கிட்டாங்க.”

அவருடைய போன் அடித்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தார்.

“யாரு, ஆயாவா? என்னவாம்?”

“பசங்க ஏழாம் வாய்ப்பாட்டை முடிச்சு எட்டாவதும் ஒப்பிச்சிட்டாங்களாம். என்னை மெதுவா வரச் சொல்றாங்க. சாம்பார்தான் அடிப்பிடிச்சிடுச்சாம்.”



“அப்போ கமிட்டிகிட்ட டீச்சர் கேக்காதீங்க. சமைக்க ஒரு ஆள் கேளுங்க.”