மால்ட் கஞ்சி

லாகர் பீருக்குக் குளிர் வேண்டும் சார். பழனிசெட்டிபட்டியில் குளிருக்கு எங்கே போவது? அதனால் அவ்வளவு குளிர் கேட்காத ஏல் ஈஸ்ட் போட்டேன். எங்களுடையது பேக்கரிச் சாமான் கடை. குமுளிப் பக்கம் விடுதி நடத்துகிற வினோத்ராஜ், பீர் காய்ச்ச மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியும் ஈஸ்ட்டும் என் மூலமாகத்தான் வரவழைப்பார். அவர் சொல்லிச் சொல்லியே செய்முறை எனக்கு மனப்பாடம். ஏல் ஈஸ்ட்டை வெக்கையில் விட்டால் பழ வாடை அடிக்கும். பதினைந்து டிகிரியில் அடக்கி, அவசரப்படாமல் வைத்தால் லாகர் மாதிரியே வாடையில்லாமல் வரும். முன்பு கிரீம் வைத்த, இப்போது சரியாகக் குளிராத பழைய பிரிட்ஜே அதற்குப் போதும்.

என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரன் பதினெட்டு வருஷம் பிராந்தி குடித்தார். அத்தனை வருஷமும் கடையைப் பார்த்தது நான். போன ஆனியில் டாக்டர், ஈரல் போய்விட்டது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் தங்காது என்றார். இவர் குச்சனூர் போய்ச் சனீஸ்வரர் சந்நிதியில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். அன்றோடு விட்டார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுவாரமே கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். "நீ ஓஞ்சு போயிட்ட ஹேமா. வீட்டுல இரு, இனி நான் பாத்துக்கிறேன்" என்றார். சரக்கு போடுகிறவர்கள் அவரிடமே பேசினார்கள். நான் கடைக்குப் போனால், டீ கொண்டுவந்திருக்கிறேனா என்று கையைப் பார்த்தார்கள். நீ கொடுத்துவைத்தவள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கோபம்கூட வரவில்லை சார், அலுப்புதான் வந்தது.

மால்ட்டில் கொஞ்சத்தைக் கருக வறுத்துச் சேர்த்து, கருப்பட்டி கூட்டி, ஆறு வாரம் வைத்தேன். கறுப்பாக, கடையில் விற்கிற பீரைப் போல இரண்டு மடங்கு போதையோடு வந்தது. நுரை போக ஆற்றி, ஈரலுக்கு நல்ல மால்ட் கஞ்சி என்று தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் கொடுத்தேன். பிராந்தி தவிர வேறு எதையும் தொட்டிராதவருக்கு, கருகலும் கருப்பட்டியும் மூடிய பீர் ருசி தெரியவில்லை. இதைக் குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று இன்னொரு டம்ளர் கேட்பார். கொடுப்பேன்.

தை மாதம் வயிறு வீங்கியது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி குடிக்கிறீர்கள் என்றார். இவர் கயிற்றைத் தொட்டுச் சத்தியம் செய்தார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவருடைய அண்ணன் கர்ணன், சாமியையே ஏமாற்றுகிறாயே என்று ஆஸ்பத்திரி வாசலில் துப்பிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. தூக்கத்தில் எழுந்துபோய்க் குடிக்கிறேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுப்பார்.

ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நெசமா நான் தொடலைத்தா. நீயாவது நம்பு."

நம்புகிறேன் என்றேன். அன்றைக்கும் டம்ளரை நீட்டினேன். பங்குனி பிறக்கும்முன் போய்ச்சேர்ந்தார்.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் சார். ஊரே அவரைப் பொய்யன் என்றபோது, கடைசிவரை அவரை நம்பினவள் நான் ஒருத்திதான்.