காதுகடிச்சா மேடு

வெள்ளக்காரன் காலடி இந்தச் சீமையில படாத காலம். கண்மாய்த் தண்ணிய நம்பிக் கெடந்த கள்ளிமடையில இருளாயின்னு ஒரு பொம்பள இருந்தாளாம். புருசன் பேரு சாத்தையா. ஆடு மேய்க்கிற குடும்பம். ரொம்ப வருசம் பிள்ளையில்லாமக் கெடந்து, கடைசியில வயித்துல தங்குச்சு. வலி கண்டா, கண்டா, கண்டுகிட்டே இருந்தாளாம். உச்சிப்பொழுதுல ஒண்ணு வந்துச்சு. அப்பாடான்னு அவ தலைய சாய்க்க, மருத்துவச்சி கன்னத்துல தட்டி, "ஏத்தா, கண்ண மூடாத. உள்ள இன்னொண்ணு கெடக்கு"ன்னாளாம்.

ரெண்டும் ஆம்பளப் பிள்ளை. ரெண்டும் ஒரே அச்சு. ஒருத்தன் வீரணன், ஒருத்தன் அடைக்கலம்.

அந்த வருசம் மழை இல்ல. பெத்தவளுக்கே கஞ்சி இல்ல, பாலுக்கு எங்க போவா? ஒண்ணு குடிச்சா ஒண்ணு கத்தும். குடிச்சவன் கையில கறுப்புக் கயித்தக் கட்டிவப்பாளாம், அடுத்தவனத் தூக்கணுமே, அதுக்கு அடையாளம். ஒருநா கயிறு அவுந்து விழுந்துருச்சு. எவன் குடிச்சான், எவன் குடிக்கல? தெரியல. ரெண்டும் அலறுது. ரெண்டயும் தரையில போட்டுட்டு, தன் நெஞ்சுல தானே மடார் மடார்னு அடிச்சுக்கிட்டாளாம். சாத்தையா ஓடியாந்து, ஒருத்தன அள்ளிக்கிட்டுப் போயி, குட்டி போட்ட வெள்ளாட்டு மடியில வாய வச்சுவிட்டானாம். அப்படித்தான் வளந்துச்சுக. ஒருத்தனுக்குத் தாய்ப்பாலுன்னா ஒருத்தனுக்கு ஆட்டுப்பாலு. மறுவேளைக்கு மாத்தி.

வளந்தானுக. பெத்தவுகளத் தவிர ஊருல ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. ஆனா குணம் வேற. அடைக்கலம் சாது. வீரணனுக்கு மூக்குக்கு மேல கோவம். பக்கத்து ஊரு பனையடியில மாசாணம்னு ஒரு முரடன். கண்மாயில ஆட்டுக்குத் தண்ணி காட்டுற தகராறுல, வீரணன் அவன ஊரு பாக்கக் கம்பால அடிச்சுட்டான். மாசாணம் சும்மா இருப்பானா? மறுநா வந்து மறிச்சான். மறிச்சது வீரணன இல்ல, அடைக்கலத்த!

"நான் இல்லண்ணே, நான் இல்லண்ணே"ன்னு இவன் கும்பிட, "நீதான்டா"ன்னு அவன் வயித்துலயே மிதிச்சானாம். மிதிச்சான், மிதிச்சான், வாயி வழியா ரத்தம் வர்ற வரைக்கும் மிதிச்சான்.

அடைக்கலம் தவழ்ந்து வீடு வந்து சேந்தத வீரணன் பாத்தான். விடியவும் நேரா கண்மாய்க் கரைக்குப் போனான். அங்க மாசாணம் நின்னான். ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டானுக. மாசாணம் இவன் இடது காதக் கவ்வி, சோணையோட பிச்சு எடுத்துட்டான். வீரணன் கைக்கு ஒரு கல்லு அம்புட்டுச்சு. மண்டையில போட்டான். நிறுத்தல. மொகம் மொகமா இல்லாமப் போற வரைக்கும் போட்டான்.

பொணத்தத் தூக்கினப்ப, மாசாணம் வாயில அந்தக் காதுத் துண்டு கெடந்துச்சாம்.

பனையடி ஆளுக வேல்கம்போட திரண்டுட்டாக. முன்னால நிக்கிறது மாசாணத்தோட அண்ணன் சடையன். இங்கயும் ஆளுக அருவாளோட நிக்கிறாக. ரெண்டு ஊருப் பெரியாளுகளும் நடுவுல விழுந்து பேசி முடிச்சாக. "உசுருக்கு உசுரு. காதறுந்தவன உச்சிப்பொழுதுக்குள்ள எல்லை மேட்டுக்குக் கொண்டு வரணும். ஒரு உசுரோட சரி. அதுக்கு மேல ரெண்டு ஊருலயும் ஒரு சொட்டு ரத்தம் சிந்தப்படாது."

சாத்தையா கூட்டத்துல இருந்து வந்தான். "இருளாயி, ஒருத்தனக் குடுத்துத்தான் ஆகணும். இல்லேன்னா ஊரயே கொளுத்திருவாக. செஞ்சவன் போகட்டும். ஒருத்தனாச்சும் மிஞ்சட்டும்."

"மிஞ்சட்டுமா? நாலு ஆட்டுல ஒண்ணு போனா மூணு மிஞ்சும். இதுக ரெண்டும் ஒண்ணாக் கெடந்ததுய்யா, இந்த வயித்துல!"

வீரணன் எந்திரிச்சு, "நான் போறேன்த்தா"ன்னான். பளார்னு ஒண்ணு விட்டா. அவன் அப்படியே உக்காந்துட்டான்.

"ஏலே அடைக்கலம், இங்க வா."

அவ கையில தழை வெட்டுற அருவா. அவன் பாத்தான். அண்ணன் காதப் பாத்தான். புரிஞ்சுபோச்சு. பக்கத்துல வந்து உக்காந்து தலையச் சாச்சான். "ஒரே வெட்டா வெட்டிரு ஆத்தா."

"அடிப்பாவி!"ன்னு சாத்தையா அவ கையப் பிடிச்சான். அவ அவனப் பாத்து, "பெத்தது நான் ஒருத்தி. வளத்தது ரெண்டு பேரும். தலையப் பிடிய்யா"ன்னாளாம். அவனும் அழுதுகிட்டே பிடிச்சான்.

அருவாள ஓங்கினவ நிறுத்திட்டா. வீரணன் காத உத்துப் பாத்தா. பல்லுல பிஞ்ச காது கந்தலாத் தொங்குது. அருவா வெட்டு நேராவுல்ல இருக்கும்? சடையன் கண்டுபிடிச்சிருவானே! அருவாள வீசிட்டா. பெத்த பிள்ளை அடைக்கலத்தோட இடது காதுல வாய வச்சா. கண்ண மூடிக்கிட்டுக் கடிச்சா. ஒரு கடியில வரல. நரம்பு வழுக்குது. அடைக்கலம் தகப்பன் தொடையில மொகத்தப் புதைச்சு ஊளையிடுறான். அவ தலைய உதறி இழுத்தா. வந்துருச்சு.

துப்பினா. அதோட விட்டாளா? வீரணன் காதுல காஞ்சிருந்த ரத்தக்கட்டிய நகத்தால சொரண்டி எடுத்தா. அவன் துடிக்கத் துடிக்க எடுத்தா. இப்ப ரெண்டு காதும் ஒண்ணுபோல ஒழுகுது. ரெண்டுக்கும் அடுப்புக்கரியும் மஞ்சளும் அப்பினா. "நடங்கடா"ன்னா.

எல்லை மேட்டுல ரெண்டு ஊரும் நிக்குது. சடையன் வந்தான். ஒருத்தனப் பாத்தான். அடுத்தவனப் பாத்தான். கரியத் தொடச்சுப் பாத்தான். ரெண்டும் பச்ச ரணம். வெறி ஏறிப்போச்சு.

"எவன்டா என் தம்பியக் கொன்னது?"

"நான்தான்"னான் வீரணன். "நான்தான்"னான் அடைக்கலம்.

சடையன் இருளாயி மொகத்தப் பாத்தான். "ஏய், வாயில என்னடி ரத்தம்?"

"என் பிள்ளை ரத்தம். எந்தப் பிள்ளைன்னு நீயே கண்டுபிடி."

மயித்தப் பிடிச்சுச் சுழட்டி அடிச்சான். பல்லு தெறிச்சுச்சாம். "சொல்லுடி!" சொல்லல. கழுத்த மிதிச்சான். சொல்லல. சாத்தையா குறுக்க விழுந்தான். அவனயும் கம்பால போட்டு அடிச்சான். அவனும் வாயத் தொறக்கல.

"சரி, எவனா இருந்தா என்ன? ஒருத்தன எடுத்துக்கிறேன்!"ன்னு கத்திக்கிட்டு, சடையன் வேல்கம்பத் தூக்கி ஓடினான். கைக்கு நேரா நின்னது அடைக்கலம். வீரணன் அவனத் தள்ளிட்டு முன்னால வர்றான். அவன் இவனத் தள்ளுறான். குத்து எறங்கிருச்சு.

எறங்கினது சாத்தையா மாருல. மண்ணுல கெடந்த மனுசன் எப்ப எந்திரிச்சான், எப்படி ஓடினான்னு ஒருத்தருக்கும் தெரியல. வேல்கம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "ஒரு உசுரு கேட்ட. எடுத்துக்கிட்ட. போ"ன்னானாம்.

சடையன் கம்ப உருவிக்கிட்டு மறுபடி ஓங்க, அவன் ஊருக்காரனுகளே அவன் மேல பாஞ்சு அமுக்கிட்டானுக. "பேச்சு பேச்சுதான். ஒண்ணு போயிருச்சு."

இருளாயி தவழ்ந்து வந்து புருசன் தலைய மடியில போட்டுக்கிட்டா. அவனுக்குக் கண்ணு மங்கிருச்சு. "ஏத்தா, ரெண்டும் இருக்கா?"ன்னு கேட்டான்.

"ரெண்டும் இருக்குய்யா."

அதக் கேட்டுட்டுத்தான் உசுர விட்டானாம்.

சடையன் செத்த பொறவு, வீரணனே அந்த மேட்டுல நின்னு, ரெண்டு ஊருக்கும் முன்னால உண்மையச் சொன்னானாம். அப்பனக் குத்துன எடத்துல கல்லும் அவன்தான் நட்டான். சாகுற மட்டும் அடைக்கலத்து மொகத்த நேராப் பாத்துப் பேசினதே இல்லையாம்.

அன்னையில இருந்து அது காதுகடிச்சா மேடு. கள்ளிமடையில ரெட்டப்பிள்ளை பொறந்தா, காதுகுத்து அந்தக் கல்லுக்கு முன்னாலதான். ரெண்டு ஆசாரிக ஒக்காந்து, ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்துல குத்தணும். குத்தினதும் பெத்தவ குனிஞ்சு, ரெண்டு காது ரத்தத்தயும் தன் வாயால எடுக்கணும். அப்ப தகப்பன்காரன் கேப்பான், "ரெண்டும் இருக்கா?"ன்னு. வாயில ரத்தத்தோடயே அவ சொல்லணும், "இருக்கு"ன்னு. சொன்ன பொறவுதான் ஊரு குலவையிடும்.