பிந்தி நின்ற வாள்

நான் எந்த இடத்துக்கும் பிந்திப் போகிற ஆள் இல்லை சார். பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர்கள். ஒன்பது ஐம்பதுக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ரைட்டர்தான் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து முடிந்து பதினொன்றுக்கு வந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. பிந்தி வருகிறவர்களோடு இருந்து பழகிவிட்டது.

பெயர் வல்லிநாயகம். வடகரையில் வீடு. சென்னையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கூடப் படித்த புவனேஷ் கூப்பிட்டதால் ஊருக்கு வந்து, இரண்டு பேருமாக ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினோம். பேசுவது அவன், செய்வது நான்.

செங்கோட்டை சாலையில் மர மில்களில் மரம் அறுக்கும் வாள் பிடிக்கிறவர்களின் கைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்து விரலும் உள்ளவர்கள் குறைவு. அதற்காகத்தான் ஒரு பெட்டி செய்தோம். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு. வட்ட வாளுக்கு இரண்டு விரற்கடை கிட்டே கை வந்தால் சென்சார் சொல்லும். போர்டு பிரேக்கை அடிக்கும். வாள் அப்படியே நிற்கும்.

போர்டில் ஓடுவது லினக்ஸ் என்கிற மென்பொருள். எந்த வேலை முதலில், எது பிறகு என்று அதில் முடிவு செய்வது கெர்னல். சாதாரணக் கெர்னல் எல்லா வேலைக்கும் நியாயமாக நேரத்தைப் பங்கிடும். அருவியில் தண்ணீர் கூடுகிறது என்று உங்கள் ஆட்கள் விசில் அடிக்கும்போது, "இந்தா, சோப்பைக் கழுவிட்டு வாரேன்" என்று ஒருத்தர் நிற்பார் இல்லையா, அந்த மாதிரி. ரியல் டைம் கெர்னல் விசில் கேட்டால் சோப்போடு வெளியே வந்துவிடும்.

அதைக் கட்ட எனக்கு ஏழு மாதம் ஆனது. பேட்ச் என்கிற திருத்தங்களைப் போட்டு, அந்தப் போர்டுக்கு வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழற்றி, போர்டில் ஓடுகிற வடிவத்துக்குக் கம்பைல் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு ஐம்பது நிமிஷம். கரண்ட் போனால் பாதியில் நிற்கும். முப்பத்தொரு தடவை போர்டு எழும்பவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிகூட வராது. எழும்பிய அன்று பண்பொழி மலைக்குப் படியேறிப் போய் முருகனுக்கு மாலை சாத்தினேன். பிறகு பத்து லட்சம் தடவை அளந்தேன். இருப்பதிலேயே மோசமான தாமதம் எழுபது மைக்ரோ விநாடி.

புவனேஷிடம் காட்டினேன்.

"எழுவதுன்னா நல்லதாலே?"

"சாதாரணக் கெர்னல் சில சமயம் பத்து மில்லி விநாடி வரைக்கும், இதுல நூறு மடங்குக்கு மேல, பிந்திருதுலே."

"சில சமயம்னா?"

"லட்சத்துல ஒண்ணு ரெண்டு."

"லட்சத்துல ஒண்ணுக்கா ஏழு மாசம்? ஒன் கெர்னல்ல பலகை எண்ணுத கேமரா ஓட மாட்டேங்கு. கோயம்புத்தூர் பார்ட்டி அதத்தான் கேக்கான்."

அவன் கெட்டவன் இல்லை. லட்சத்தில் ஒன்று என்பதை அவன் லாட்டரியாகப் பார்த்தான். நான் அதை ஒரு ஆளாகப் பார்த்தேன். இது நீங்கள் எழுதுகிற வாக்குமூலத்தில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சித்திரையில் மசூது அண்ணாச்சி மில்லில் என் கெர்னலோடுதான் பெட்டியை மாட்டினோம். அங்கே வாள் பிடிப்பவர் இசக்கிமணி. இருபது வருஷ அனுபவம், பத்து விரலும் பத்திரம். வைகாசியில் ஒரு ஆஞ்சிலி மரத் தடி திமிறி அவர் கை உள்ளே போனது. வாள் நின்றது. தோலில் கோடுகூட இல்லை. ஆனால் பிரேக் அடித்தால் வாளின் பல் போய்விடும். புது வாள் மாட்டுவதற்குள் அரை நாள் வேலை கெடும். இசக்கிமணி என்னிடம் சொன்னார்:

"என்ன தம்பி, ஒம்ம பெட்டி சும்மா சும்மா நிப்பாட்டுது. கை இன்னும் அங்கன போகவே இல்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

மசூது அண்ணாச்சி, "கொஞ்சம் பதறாத பெட்டியாக் குடும்வே" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. இசக்கிமணிக்கு விரல் மிச்சம், எனக்கு ஏச்சு மிச்சம். "ஒன் கெர்னல் பயந்தாங்கொள்ளிலே" என்று புவனேஷ் சிரித்தான்.

யோசித்துப் பாருங்கள் சார். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. சரியான நேரத்துக்கு வந்து நின்ற ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. பிந்தினால்தான் கண்ணில் படும்.

அதனால் ஜூலை எட்டாம் தேதி பெட்டியில் மெமரி கார்டை மாற்றினேன். சாதாரணக் கெர்னல். ரகசியமாக ஒன்றும் செய்யவில்லை. புவனேஷ் கேட்டதைத்தான் போட்டேன். அவன் கேமராவும் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் கேரள பார்டர் கடைக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். இசக்கிமணியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கவனமாக இருந்திருப்பார். கவனமாக இருக்கிற ஆளை வைத்துச் சோதனை நடத்த முடியாது.

பதினோரு நாள் லேப்டாப்போடு மில்லில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அவர் மனைவி இசக்கிச்செல்வி சோறு கொண்டுவருவார். எனக்கும் ஒரு தட்டு வைப்பார். "நீங்க பக்கத்துலயே இருக்கதால எனக்குக் கொஞ்சம் நிம்மதி, தம்பி" என்பார். அவியல் நன்றாக வைப்பார். அந்த வருஷம் சாரலும் நன்றாக இருந்தது. நனைந்த தடி வாளில் வழுக்கும். பெட்டியைச் சரிபார்க்க வேண்டும், நனைந்ததை முதலில் அறுக்கச் சொல்லுங்கள் என்று மசூது அண்ணாச்சியிடம் கேட்டது நான்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்றே காலுக்குத் தடி புரண்டது. வாள் நின்றது, ஆனால் பிந்தி நின்றது. திரையில் நாற்பத்து மூன்று மில்லி விநாடி என்று வந்தது. கண் இமைக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை. வலது கையில் நான்கு விரல் போயிற்று. இசக்கிமணி கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பெட்டி நிப்பாட்டலியே."

அங்கே தடி இறக்க வந்திருந்த லாரி டிரைவர் பெலிக்ஸ், நான் முதலில் லேப்டாப்பைத்தான் தொட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். சரிதான். கோப்பைச் சேமித்துவிட்டுத்தான் துண்டை எடுத்தேன். எந்நேரமும் கரண்ட் போகிற இடம் அது. விரல்கள் எங்கும் போய்விடப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் இசக்கிச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க பக்கத்துல இருந்ததால அவுக உசுராவது மிஞ்சிச்சு" என்றார். இரண்டு தடவை காப்பாற்றியபோது வராத நன்றி. வாங்கிக்கொண்டேன். அழுகிறவர்களிடம் மறுத்துப் பேசக் கூடாது.

புவனேஷ் வராந்தாவில் நின்றான்.  "இனிமே எல்லாப் பெட்டிக்கும் ஒன் கெர்னல்தாம்லே" என்றான். சொன்னபடியே செய்தான். இப்போது முப்பத்தாறு மில்களில் அது ஓடுகிறது. மில்லுக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பத்து விரல். எழுநூற்று இருபது விரல். நான்கு போனதை எழுதுகிறீர்கள், நியாயம். அதற்குப் பக்கத்திலேயே இதையும் எழுதினால் முழுமையாக இருக்கும்.

என்னை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை சார். அந்த விபத்தைப் பற்றி நானே ஒரு அறிக்கை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். கார்டை மாற்றிய தேதி, பெட்டி பதிவு செய்த லாக், நிரல் எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தேன். எதையும் மறைத்துப் பழக்கமில்லை. நிரல் அனுபந்தத்தில், பதினேழாம் பக்கத்தில் வருகிறது. புவனேஷ் இரண்டாம் பக்கத்தைத் தாண்டி எதையும் படித்தவன் இல்லை. இந்தத் தடவை படித்திருக்கிறான். நேராக உங்களிடம் வந்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிற வரி என்ன என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். சாதாரணக் கெர்னல் தானாகப் பிந்தட்டும் என்று உட்கார்ந்தால், லட்சத்தில் ஒன்றுக்கு எத்தனை வருஷம் காத்திருப்பது? இசக்கிமணிக்கு அதற்குள் வயதாகி ஓய்வே வந்துவிடும். அதனால் கார்டை மாற்றிய அன்றே நிரலில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கை வந்தது தெரிந்தால் நாற்பது மில்லி விநாடி பொறு, பிறகு பிரேக்கை அடி.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் சேர்த்தது நாற்பதுதான் சார். மீதி மூன்று, சாதாரணக் கெர்னல் தானாகப் பிந்தியது. அந்த மூன்றையும் என் பேரில் எழுதிவிடாதீர்கள்.