கயிறு பிடிக்க ஒரு கை

அப்படி இல்ல அண்ணாச்சி, இறுக்கிப் பிடிக்கக் கூடாது. லேசா வச்சிருங்க. இந்தப் பக்கம் நான் இருக்கேன்னு உங்க கைக்குத் தெரிஞ்சாப் போதும். நோட்டு அங்கனயே கெடக்கட்டும், யாரு தூக்கிட்டுப் போவா? மாலுமி கிளப்புல எத்தன நாற்காலி, எத்தன ஃபேனுன்னு பெறவு எழுதிக்கிடலாம், ஹார்பர் ஆபீஸ் எங்கயும் ஓடிராது. இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு ஒருத்தன் எதுக்கு இந்த வீடியோ கேம் பெட்டி முன்னால நிக்கான்னுதானே பாக்கீய? சொல்லுதேன்.

என் பேரு சிலுவை. சங்கு குளிக்கவன். இங்க கேன்டீனுக்கு மீன் கொண்டாருவேன், அப்படித்தான் இந்தப் பெட்டி பழக்கம். ஒரு கப்பல்காரன் கிளப்புக்குன்னு குடுத்துட்டுப் போனது. உள்ள ரெண்டு பேரு குச்சி குச்சியா நிக்கான் பாத்தீயளா? பாஸ்கட்பால். இந்தக் குண்ட உருட்டுனா நம்மாளு ஓடுவான். பித்தான அமுக்குனா பந்தோட கையத் தூக்குவான். பித்தான விட்டாத்தான் பந்து போவும். அம்புட்டுதான் வெளையாட்டு. கை நல்லா ஒசந்த நேரத்துல விடணும். முந்துனா பந்து கூடைக்குக் கீழயே போயிரும். பிந்துனா எதிராளி வந்து தட்டிப் பறிச்சிருவான்.

ஒரு கப்பல் ரிப்பேருக்கு நிக்குல்லா, அதுல ஒரு குசினிக்காரன் இருக்கான், மணிலாக்காரன். கப்பல்ல சோறு பொங்குதானோ இல்லையோ, நாள் பூரா இங்கனதான். மொத நாளு அவன் முப்பத்திநாலு, நான் முட்டை. ரெண்டாம் நாளும் முட்டை. மூணாம் நாளு அவனே பாவப்பட்டு ஒரு டீ வாங்கித் தந்தான்.

என்னன்னா, அமுக்குன வெரலு விடமாட்டேங்கு. சிரிக்காதீய. பதினாறு வயசுலருந்து குளிக்கேன். எட்டு பாகம் ஆழத்துல ஒரு சங்கப் பிடிச்சிட்டோம்னா வள்ளத்துல வந்து போடுத வரைக்கும் விடப்படாது. காது கிழிஞ்சாலும் விடப்படாது. கயித்த ஒரு சுண்டு சுண்டுவோம், மேல உள்ளவன் இழுப்பான். தல தண்ணிக்கு மேல வந்தாத்தான் இந்தக் கை தொறக்கும். இங்க வந்து நின்னாலும் அதே சங்கதிதான். பித்தான அமுக்குனதும் மூச்சு தன்னால அடங்கிருது. கண்ணு பெதுங்குது. நம்மாளு போலீஸ்கிட்ட ஆப்புட்ட திருடன் கணக்கா ரெண்டு கையயும் தூக்கிட்டு நிக்கான். ஒருக்கா மூச்சு முட்டிக் கீழயே விழுந்துட்டேன். அப்பவும் ஒரு வெரலு பித்தான்லதான் இருந்துச்சாம்.

பழகாமயா? விடுததுக்குப் பழகணும்னு கடலுக்கே போனேன். முயல்தீவுப் பக்கம் முங்கி, கையில ஆப்புட்ட சங்க எல்லாம் ஒண்ணொண்ணா விட்டுட்டு வெறுங்கையோட வந்தேன். எங்க வள்ளத்து மொதலாளி, சம்மாட்டி, பாத்துட்டு, இவனுக்கு யாரோ செய்வினை வச்சிட்டான்னு உவரி அந்தோனியார் கோயிலுக்கு நேந்துக்கிட்டாரு.

பெறவுதான் இந்தக் கயிறு ஞாபகம் வந்துச்சு. இடுப்புல கட்டி, பின்னால ஒருத்தன் பிடிச்சிக்கிட்டு, அங்க கை ஒசரும்போது இங்க இழுத்தாம்னா? இழுத்தா என் கை தொறக்கும். பந்து போவும். எப்படி?

ஆளுதான் சரியில்ல. கேன்டீன் பர்னபாஸ் பிடிச்சான். ஆட்டத்தப் பாத்து வாயப் பொளந்துட்டு நிக்கான், கயிறு தரையில கெடக்கு. வாச்மேன் ஆவுடையப்பன்கிட்ட குடுத்தேன். அவரு ஸ்ரீவைகுண்டத்துல வயக்காட்டு ஆளு. மொரண்டு பிடிச்ச உழவு மாட்ட இழுக்க மாதிரி ஒரே இழுப்பு. நான் போயி கேரம்போர்டு மேல கெடக்கேன். இந்தா, தாடையில தழும்பு.

கடல்ல யாரு பிடிப்பாவன்னா கேக்கீய? எங்க தாய்மாமன்தான். பேரு பவுல். பத்து வருசமா கடல்ல எனக்குக் கயிறு பிடிச்சது அவருதான். இழுத்தாருன்னா கடிகாரம் மாதிரி. அப்ப அவரு மக அல்போன்சாவ எனக்குன்னு பேசி வச்சிருந்தாவ. அவ கன்னியாஸ்திரி மடத்துக்குப் போயிட்டா. அன்னைலருந்து மாமன் கயிறு கொஞ்சம் பிந்தித்தான் வருது. வேணும்னு செய்யல அண்ணாச்சி, நல்ல மனுசன். ஆனா மருமவன்னா ஒரு வேகம், வெறும் சிலுவைன்னா ஒரு வேகம். போன சீசன் கடைசியில நான் சுண்டுனேன், மேல அவரு பீடி பத்த வச்சிக்கிட்டு இருந்திருக்காரு. மூக்குல ரத்தத்தோட வந்தேன். அந்தப் பயம் இன்னும் போவல.

உங்க வீட்டுல எல்லாம் பேனா பிடிச்ச கை. ஆனாலும் கீழவைப்பாருல பொறந்தவியளுக்குத் தெரியாததா? கயித்தப் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். மச்சினன் எம்புட்டுக் கோவக்காரனா இருந்தாலும் இழுத்துருவான், தங்கச்சி தாலி கயித்துலல்லா தொங்குது. நீங்க கீழவைப்பாருன்னு சொல்லலையா? அப்ப மூக்கப் பாத்துத் தெரிஞ்சிருக்கும். அது கீழவைப்பாரு மூக்குதான்.

வார திங்கக்கிழமை சங்கு குளி தொடங்குது. அதுக்குள்ள எனக்கு ஒரு கை வேணும். தண்ணிக்குள்ள வச்சு ஆளச் சோதிக்க முடியாது, தப்பாப் போச்சுன்னா பெறவு எவன் வந்து சொல்லுவான்? இங்கன தப்புனா ரெண்டு பாயிண்டு போவும், அம்புட்டுதான். அதான் வாரவன் போறவன் கையில எல்லாம் கயித்தக் குடுத்துப் பாக்கேன்.

மணிலாக்காரன் சாப்புடப் போயிருக்கான், எதிராளி சும்மாதான் நிக்கும். பாருங்க, உருட்டுதேன். வந்துட்டான். அமுக்குதேன்.

ஆத்தாடி! விழுந்துட்டு அண்ணாச்சி! கூடைக்கு நடுவுல! எப்பம் இழுத்தீய? எனக்கே தெரியல, கை தன்னால தொறந்துட்டு. சும்மா குருட்டுவாக்குல இழுத்தீயளா? சரி, இன்னொருக்கா. அமுக்குதேன்.

மாதாவே. இதுவும் விழுந்துட்டு.

மெட்ராஸ் ஹார்பர்ல மூணு வருசம் நோட்டு எழுதுன கையா இது? அதயும் நீங்க சொல்லலையா? யாரோ சொன்னாவ. நிக்க வச்சே பேசுதேன், இந்தாங்க, ஸ்டூல்ல இருங்க. கயித்த விட்டுறாதீய.

ஹில்டா சொன்னது சரிதான். ஏழு வயசுல அவ கெணத்துல விழுந்தப்ப ஊரே கூடி நின்னு சத்தம் போட்டுச்சாம். எங்கண்ணன் ஒருத்தருதான் வாயத் தொறக்காம கயித்தப் போட்டு இழுத்தாவ, அவுக கை பிந்தாதுன்னு சொன்னா.

எந்த ஹில்டாவா? உங்க தங்கச்சி ஹில்டாதான்.

இருங்க, எந்திரிக்காதீய. எங்க கல்யாணச் சங்கதி உங்க அம்மாவுக்குத் தெரியும், சரின்னுட்டாவ. உங்களுக்குக் காயிதம் எழுத அவுகளுக்கும் பயம், அவளுக்கும் பயம். முன்கோவக்காரன், நேருல பாத்துச் சொன்னாத்தான் தணிவான்னு சொன்னாவ. சொல்லத்தான் வந்தேன், சங்கு பாஸ்கட்பாலுன்னு பேச்சு எங்கயோ போயிட்டு. நாளைக்குக் காலம்பற பூசையில சாமியாரு மொத கல்யாண ஓலை வாசிப்பாரு. அதுல ஹில்டா பேரும் எம்பேரும் வரும். கோயில்ல உக்காந்து திடீர்னு கேட்டீயன்னா சங்கடம், அதான் இன்னைக்கே.

நீங்க எனக்காவப் பிடிக்க வேண்டாம். என்னைய உங்களுக்குத் தெரியவே தெரியாது, என் மேல என்ன பாசம் இருக்கப் போவுது? அவளுக்காவப் பிடிங்க. அவ எம்மேல உசுரா இருக்கா, நானும்தான். இத இப்படிச் சொல்ல வெக்கமா இருக்கு.

பதில் சொல்ல வேண்டாம். நான் பித்தான அமுக்குதேன். அமுக்கிட்டா மூச்சு அடங்கிரும், பெறவு என்னால ஒரு வார்த்த பேச முடியாது. நீங்க இழுத்தா விடுவேன். இழுக்காட்டா, விழுந்தாலும் என் வெரலு அதுலதான் இருக்கும், கேன்டீன்ல கேட்டுப் பாருங்க.

அமுக்கிட்டேன். கொஞ்சம் சீக்கிரம், மச்சான்.