கிளியைப் பறக்கவிட்டது யாரு

"எங்க வீட்டுக்காரவுக சவூதியில இருந்துக்கிட்டே பிள்ளைக்குப் பதிலா உடற்பயிற்சி செஞ்சுட்டாக, அக்கா" என்றது முன் சீட்டுக் குரல். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வீரசோழன் பஸ் திருச்சுழியைத் தாண்டியிருந்தது. பேசியவளின் மடியில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். பக்கத்தில் வெங்காயப் பையோடு ஓர் அக்கா.

"அதெப்படித்தா முடியும்?"

"இவளுக்கு மூட்டுவாதம். காலையில சட்டை பட்டன்கூட போட ஏலாது. மதுரை டாக்டரம்மா போன்ல ஒரு கேம் போட்டுக் குடுத்தாக. கேமரா முன்னாடி கையை மூடி மூடி விரிச்சா கிளி பறக்கும். எம்புட்டுப் பறந்துச்சுன்னு பாயிண்டு ஏறும், அங்க டாக்டரம்மாவுக்கும் தெரியும்."

"நல்லதுதான?"

"இவ வலியில அழுததை இவ அத்தா, அதான் எங்க வீட்டுக்காரவுக, வீடியோ கால்ல பாத்துட்டாக. மனசு கேக்கல. டூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போயி, தன் போன்ல இவ பேர்ல அவுகளே கிளியைப் பறக்கவிட்டிருக்காக."

அக்கா சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீக. பாயிண்டைப் பாத்து, பிள்ளைக்குத் தேவலைன்னு டாக்டரம்மா மருந்தைக் குறைக்கப் போனாக. கையைப் பிடிச்சுப் பாத்தா, வெரலு அப்படியே கட்டையா நிக்குது. அப்பறந்தான் இவுக குட்டு உடைஞ்சது."

"இப்ப?"

"பாயிண்டு பூராத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து ஆடுறா."

"டாக்டரம்மா அழிக்கச் சொன்னாகளா?"

"இல்லக்கா, இவளேதான் அழிச்சா. ஆடி முடிக்கிற வரைக்கும் அத்தா வீடியோவுல பாத்துக்கிட்டே இருக்கணுமாம். யாரு அழுதாலும் போனை வைக்கக் கூடாதாம்."